நிலையான வோல்ட்டா, மாற்றும் வோல்ட்டா?

“வோல்ட்டை ஏத்தி இறக்குற வேப் வாங்கலாமா சார், இல்ல ஒரே வோல்ட்டுல ஓடுறது போதுமா?”

தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்னியல் கற்பிக்கும் என்னிடம் அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. முன்பெல்லாம் வீட்டுக்கு எந்த பிரேக்கர் போடலாம், வாட்டர் ஹீட்டர் ஏன் ‘டிரிப்’ ஆகிறது என்றுதான் கேட்பார்கள். இப்போது வேப் கருவியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வருபவர்களில் மாணவர்கள் உண்டு, அலுவலகத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் உண்டு, மகனின் பள்ளிப் பையில் கிடைத்த ஏதோ ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, “இது என்ன சார்?” என்று கேட்கும் தாய்மார்களும் உண்டு.

வோல்ட் பற்றிய அந்தச் சின்னக் கேள்விக்குள் மூன்று பெரிய கேள்விகள் இருக்கின்றன. காயில் எவ்வளவு சூடாகும்? உடம்புக்குள் எவ்வளவு நிக்கோட்டின் போகும்? சட்டைப் பையில் இருக்கும் மின்கலம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும்? கடையில் இந்த மூன்றையும் விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. “வோல்ட் ஏத்துனா புகை நிறைய வரும், கிக் நல்லாயிருக்கும்” என்பதோடு வியாபாரம் முடிந்துவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட் பிடிக்காதவருக்கு இரண்டு வகையுமே வேண்டாம். பல ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்து, வேறு வழிகளில் விட முடியாமல், வேப் மூலம் வெளியே வர முயல்பவருக்குக் குறைந்த சக்தியில் ஓடும் நிலையான வோல்ட் கருவியே பெரும்பாலும் பொருத்தம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

மின்சிகரெட்டை நாம் இன்று அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். ஆண்டு 2003. அவரும் சிகரெட் பிடித்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் செய்த தொடக்கக் கருவி மீயொலி அதிர்வால் திரவத்தைச் சிறு துளிகளாக்கியது. இப்போது கடைகளில் இருப்பவை பெரும்பாலும் சூட்டினால் அதே வேலையைச் செய்கின்றன.

விலை 30 ரிங்கிட்டாக இருந்தாலும் 300 ரிங்கிட்டாக இருந்தாலும் உள்ளே இருக்கும் முக்கியப் பொருள்கள் நான்குதான். ஒரு லித்தியம் மின்கலம். காயில் எனப்படும் மெல்லிய கம்பிச் சுருள். அதையொட்டி இருக்கும் பஞ்சு. பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும் திரவம். திரவத்தை நம் ஊரில் ‘லிக்குவிட்’ என்றும் மலாயில் ‘பெரிசா’ என்றும் சொல்வார்கள். அதில் புரோபிலின் கிளைக்கால், தாவரக் கிளிசரின், வாசனைப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவை இருக்கும்.

புரோபிலின் கிளைக்கால் ஏறத்தாழ 188 பாகை செல்சியஸில் கொதிக்கும். கிளிசரினுக்கு 290 பாகை வேண்டும். காயிலின் வேலை இந்தச் சூட்டு எல்லைக்குள் நடந்து முடிய வேண்டும். தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அளவான சூட்டில் மாவு வேகும். அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டால் கல் புகைந்து எண்ணெய் கருகும். அப்போது வரும் புகை தோசையின் ஆவி அல்ல. எண்ணெய் உடைந்து வரும் வேறு பொருள். வேப் கருவியிலும் அப்படித்தான். சூடு எல்லை மீறினால் திரவம் ஆவியாவதோடு நிற்காமல் வேதியியல் முறையில் சிதையத் தொடங்கும்.

மூன்று வகைக் கருவிகள்

கடையில் இரண்டு வகை என்று சொன்னாலும் மின்னியல் கண்ணால் பார்த்தால் மூன்று வகை.

முதல் வகை, மின்கலத்தை நேரடியாகக் காயிலோடு இணைப்பது. நடுவில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. லித்தியம் மின்கலம் முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட் காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த 3.7-க்கு வந்து, தீரும் நேரத்தில் 3.3-க்கும் கீழே போகும். காலையில் காரமாக இழுத்த கருவி மாலையில் சப்பென்று இருந்தால் அது இந்த வகையாக இருக்கலாம். மலிவான கருவிகள் சிலவற்றைக் கடைக்காரர் ‘நிலையான வோல்ட்’ என்று கொடுப்பார். உண்மையில் அதில் எதுவும் நிலையாக இருப்பதில்லை.

இரண்டாம் வகைதான் உண்மையான நிலையான வோல்ட் கருவி. உள்ளே ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. மின்கலம் நிறைந்திருந்தாலும் பாதி காலியானாலும் காயிலுக்கு ஒரே அளவு வோல்ட்டை அது கொடுக்கும். பயனாளர் மாற்றுவதற்கு எந்தப் பொத்தானும் இருக்காது.

மூன்றாம் வகை, வோல்ட்டை நாமே ஏற்றி இறக்கும் கருவி. பேனா வடிவில் இருப்பவற்றில் அடியில் ஒரு திருகு இருக்கும், 3.3-லிருந்து 4.8 வோல்ட் வரை வைக்கலாம். பெரிய பெட்டி வடிவக் கருவிகளில் திரை இருக்கும். அவற்றில் வோல்ட்டுக்குப் பதில் வாட் எண் தெரியும். நாம் வாட்டைத் தேர்ந்தெடுத்தால், காயிலின் தடையை அளந்து தேவையான வோல்ட்டைக் கருவியே முடிவு செய்யும். பெயர் வேறாக இருந்தாலும் இதுவும் மாற்றும் வகைதான்.

கொஞ்சம் கணக்கு

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, காயிலின் தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும். வாட்தான் சூடு. வோல்ட் இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதைச் சிறிது ஏற்றினாலும் சூடு நிறைய ஏறும்.

காயிலின் தடை 1.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3.3 வோல்ட்டில் சுமார் 9 வாட் வரும். 3.7 வோல்ட்டில் 11.4 வாட். 4.2 வோல்ட்டில் 14.7 வாட். 4.8 வோல்ட்டுக்குப் போனால் 19.2 வாட். திருகைத் திருப்பியவர் 3.3-லிருந்து 4.8-க்குத்தான் போனார், பாதிகூடக் கூடவில்லை. ஆனால் காயில் வாங்கிக்கொண்ட சக்தி இரு மடங்கைத் தாண்டிவிட்டது. காயிலின் அளவு மாறவில்லை, பஞ்சின் அளவு மாறவில்லை. பஞ்சு திரவத்தை உறிஞ்சிக் கொண்டுவரும் வேகமும் மாறவில்லை. ஆகவே பஞ்சு காய்கிறது.

காயிலை மாற்றினாலும் இதே கதைதான். அதே 3.7 வோல்ட்டில் 1.2 ஓம் காயிலை எடுத்துவிட்டு 0.6 ஓம் காயிலைப் போட்டால் 11.4 வாட் 22.8 வாட்டாகிவிடும். பொத்தானே இல்லாத கருவியிலும் தவறான காயில் சூட்டை இரட்டிப்பாக்கும். எனவே வோல்ட் எவ்வளவு என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. “இந்தக் காயில் எத்தனை ஓம், எத்தனை வாட் வரை தாங்கும்?” என்று கேட்டால்தான் கேள்வி முழுமையாகும். பெரும்பாலான காயில்களில் இவ்விரு எண்களும் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

சூடு கூடினால் என்ன ஆகும்?

2014-ல் போலந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வொன்று வோல்ட்டை 3.2-லிருந்து 4.8-க்கு ஏற்றிப் பார்த்தது. ஆவியில் இருந்த ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவை 4 மடங்கு முதல் 200 மடங்குக்கும் மேல்வரை கூடின. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது.

அடுத்த ஆண்டு, 2015-ல், அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பொருள்கள் அவர்களின் சோதனையில் தென்படவில்லை. 5 வோல்ட்டில் தென்பட்டன. உலகச் செய்தித்தாள்கள் அதைப் பெரிய தலைப்புகளில் போட்டன.

உடனே மறுப்பும் வந்தது. அதே 2015-ல் கிரேக்க மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபார்சலினோஸ் குழுவினர், அனுபவமுள்ள வேப் பயனாளர்களையே இழுத்துப் பார்க்கச் செய்து சோதித்தார்கள். பஞ்சு காய்ந்து கருகல் சுவை வரும் நிலையில்தான் அந்த நச்சுப் பொருள்கள் அதிகமாக வந்தன. அந்தச் சுவையை மனிதர் தாங்க மாட்டார், இழுப்பதை நிறுத்திவிடுவார் என்பது அவர்களின் வாதம்.

இரண்டு தரப்பையும் சேர்த்துப் படித்தால் வீட்டுக்கு உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட வோல்ட் எண்ணில் நஞ்சு பிறந்துவிடுவதில்லை. காயிலும் பஞ்சும் தாங்குவதைவிட அதிகச் சக்தி போகும்போது அது பெருகுகிறது. கருகல் சுவை என்பது உடம்புக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை வந்த பிறகும், “காயில் புதுசு, இன்னும் செட்டாகல” என்று சொல்லிக்கொண்டு இழுப்பதுதான் மோசம். குளிர்ச்சி தரும் மென்தால் வாசனைத் திரவங்கள் தொண்டைக் கரகரப்பை மறைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நிக்கோட்டின் அளவைத் திருகும் பொத்தான்

வோல்ட்டை ஏற்றினால் சுவை கூடும் என்று கடையில் சொல்வார்கள். சுவையோடு சேர்ந்து நிக்கோட்டினும் கூடுகிறது. சக்தி கூடினால் ஒவ்வோர் இழுப்பிலும் ஆவியாகும் திரவம் கூடுகிறது. அந்தத் திரவத்தில் இருக்கும் நிக்கோட்டினும் அதனோடு உள்ளே போகிறது.

ஒரு பாட்டில் 2 மில்லிலிட்டர் திரவம், ஒரு மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் நிக்கோட்டின் என்றால் மொத்தம் 60 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம்தான். பாட்டில் இருப்பது முழுவதும் உடம்பில் சேர்வதில்லை என்றாலும் இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இப்போது பரவலாக விற்கும் ‘சால்ட்’ நிக்கோட்டின் தொண்டையை அரிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் எவ்வளவு போனது என்பதே தெரியாது. சிகரெட்டாவது ஒன்று முடிந்தால் அணைந்துவிடும். வேப் அணைவதில்லை. மேசையில், காரில், படுக்கையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

‘சால்ட்’ திரவத்தைக் குறைந்த சக்தியுள்ள சிறு கருவிகளுக்காகவே தயாரிக்கிறார்கள். அதைப் பெரிய வாட் கருவியில் ஊற்றி வோல்ட்டை ஏற்றினால் தலைச்சுற்றல், குமட்டல், படபடப்பு வரும். அவை நிக்கோட்டின் அளவு மீறியதன் அடையாளங்கள்.

என் தம்பியின் கதை

சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. ஷா ஆலாமில் தொழிற்சாலையில் வேலை. பதினேழு ஆண்டுகளாக ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். பெட்டி 17 ரிங்கிட் என்று வைத்தால் மாதம் 510 ரிங்கிட். அவன் வீட்டில் இரண்டாவது குழந்தைக்கு இழுப்பு நோய். இரவில் குழந்தைக்கு நெபுலைசர் வைத்துவிட்டு வாசலில் போய் நின்று சிகரெட் பிடிப்பவனைப் பார்த்து அவன் மனைவி அழுத அழுகையை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நிக்கோட்டின் மிட்டாய் சாப்பிட்டுப் பார்த்தான். இரண்டு முறை சொந்த உறுதியில் விட்டும் பார்த்தான். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம்தான்.

மூன்றாவது முயற்சிக்கு அவன் சக ஊழியர் காட்டிய வேப் கருவியை வாங்கினான். வோல்ட் மாற்றும் வகை. முதல் வாரம் 3.4-ல் வைத்தான். சிகரெட் நினைப்பு வந்தபோதெல்லாம் கொஞ்சம் ஏற்றினான். இரண்டே மாதத்தில் 4.8-க்கு வந்துவிட்டான். வாரம் ஒரு காயில் கருகியது. இருமல் வந்தது. இருமல் வந்ததும், “இதுக்கு சிகரெட்டே தேவலாம்” என்று அதையும் பிடிக்கத் தொடங்கினான். இப்போது அவன் கையில் இரண்டும் இருந்தன. அந்த நிலையில்தான் கருவியோடு என் வீட்டுக்கு வந்தான்.

“அண்ணே, இதைவிட நல்ல கருவி எது? வோல்ட் இன்னும் ஏறணுமா?”

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். சிகரெட்டை விடுவதற்கா இது, கூடுதலாக வைத்துக்கொள்வதற்கா? திரவத்தில் நிக்கோட்டின் எவ்வளவு? எந்தத் தேதியில் இதையும் நிறுத்தப் போகிறாய்? மூன்றாவது கேள்விக்கு அவன் சிரித்தான். “அதை யாருண்ணே யோசிச்சா?”

அவனுக்கு ஏற்றது நிலையான வோல்ட் கருவி என்று சொன்னேன். காரணம் எளிது. அவனுடைய ஆசை ஏறும்போதெல்லாம் கை திருகுக்குப் போகிறது. திருகே இல்லாத கருவியில் அந்த வழி அடைபட்டுவிடும். சூடு மாறாது, ஒவ்வோர் இழுப்பும் ஒரே அளவாக இருக்கும். ஆகவே நிக்கோட்டினைக் குறைப்பதற்கு ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் போதும்: திரவத்தின் வலிமை. வோல்ட்டும் ஆடி, திரவமும் ஆடினால் எதைக் குறைத்தோம், எதைக் கூட்டினோம் என்று ஒரு மாதத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

1.2 ஓம் காயில் உள்ள சிறிய கருவிக்கு மாறினான். ஆறாவது வாரத்தில் சிகரெட் முழுதாக நின்றது. தீபாவளி விருந்தில் நண்பர்களோடு இரண்டு பிடித்தான். மறுநாள் என்னிடம் சொன்னான். பிறகு இல்லை. திரவத்தின் வலிமையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு படி இறக்கினான். குறைத்ததும் அதிகமாக இழுக்கிறானா என்று பார்க்க, ஒரு பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்பதை அவன் மனைவி நாள்காட்டியில் குறித்தாள்.

ஓர் ஆண்டு ஆயிற்று. சிகரெட் இல்லை. ஆனால் வேப் இன்னும் கையில் இருக்கிறது. “இது சிகரெட் அளவுக்கு மோசமில்லைதானேண்ணே, பரவால்ல லா” என்கிறான். அவன் மனைவி பாதி நிம்மதியோடு இருக்கிறாள். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் ஆவி விடக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

பிரிட்டனில் 886 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பிறகு சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் பயன்படுத்திய குழுவில் 18 விழுக்காடு; நிக்கோட்டின் ஒட்டு, மிட்டாய் போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9 விழுக்காடு. வேப் உதவியது என்பதற்கு இது சான்று. அதே ஆய்வின் இன்னொரு எண்ணைப் பலரும் சொல்வதில்லை. வேப் மூலம் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் விட்டவர்களில் ஒட்டையோ மிட்டாயையோ தொடர்ந்தவர்கள் 9 விழுக்காடு மட்டுமே. என் தம்பி இப்போது அந்த 80 விழுக்காட்டில் இருக்கிறான். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் புகைபிடிப்பதை நிறுத்தும் ஆலோசனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அங்கே முதலில் கேட்டதும் நிறுத்தும் தேதியைத்தான்.

சிகரெட் பிடிக்காதவருக்கு

மேலே சொன்ன கணக்கு முழுவதும் ஏற்கெனவே சிகரெட்டில் சிக்கியவருக்கானது. சிகரெட் தொடாதவர் வேப் தொடங்கினால் அவர் எந்தத் தீமையையும் குறைக்கவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்.

நம் நாட்டின் இளையோர் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது மாணவர்களிடையே மின்சிகரெட் பயன்பாடு 2017-ல் 9.8 விழுக்காடாக இருந்தது, 2022-ல் 14.9 விழுக்காடாகியது. ஏழு பேரில் ஒருவர் என்ற கணக்கு. இவர்களில் பெரும்பாலோருக்கு வோல்ட் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்ததெல்லாம் மாம்பழ வாசனையும் குளிர்ச்சியும்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கருவி ஹைலைட்டர் பேனா போலவோ பென் டிரைவ் போலவோ இருக்கலாம். அறையில் காரணமில்லாத பழ வாசனை, அடிக்கடி வாய் உலர்ந்து தண்ணீர் கேட்பது, கைப்பேசி சார்ஜ் ஆகும்போது பக்கத்தில் இன்னொரு வயர் ஆகியவை சிறு அடையாளங்கள். கண்டுபிடித்ததும் அடித்துத் திட்டுவதால் கருவி வேறு இடத்துக்குப் போகுமே தவிர பழக்கம் போகாது. யார் கொடுத்தார்கள், உள்ளே என்ன திரவம், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்க வேண்டும்.

உள்ளே என்ன திரவம் என்ற கேள்வி மிக முக்கியம். அமெரிக்காவில் 2019-ல் வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் முக்கியக் காரணமாக அடையாளம் காணப்பட்டது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப்களால் சிங்கப்பூர் 2025-ல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. எந்த வோல்ட்டில் இழுத்தாலும் இவை ஆபத்து. பெயரில்லாத பாட்டில், நண்பரின் நண்பர் தந்த ‘பாட்’ எதுவும் வேண்டாம்.

மின்கலத்தை மறக்காதீர்கள்

மின்னியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அதிகப் பயம் இங்கேதான். கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத கருவியில் 0.15 ஓம் காயிலைப் போட்டால், 4.2 வோல்ட்டில் 28 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட இத்தனை ஆம்பியர் தேவையில்லை. 18650 எனப்படும், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மின்கலங்களில் பல இந்த அளவைத் தொடர்ந்து தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. எல்லை மீறினால் மின்கலம் சூடாகி, வாயுவைக் கக்கி, தீப்பிடிக்கும்.

கழற்றி மாட்டும் மின்கலத்தைச் சாவி, சில்லறையோடு ஒரே பையில் போடக் கூடாது. உறை கிழிந்த மின்கலம் குப்பைத்தொட்டிக்கும் ஆகாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கருவியை வைக்கக் கூடாது. தலையணைப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. விமானத்தில் போகும்போது கருவி கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. மலேசியாவில் வேப் கருவிகளுக்குச் சிரிம் சான்று முத்திரை வேண்டும் என்ற உத்தரவு 2022-ல் வந்தது. முத்திரை இருந்தால் உடல்நலத்துக்கு நல்லது என்று பொருளல்ல. மின்சாரப் பகுதி சோதிக்கப்பட்டது என்று பொருள். முத்திரை இல்லாத கருவியை வாங்க ஒரு காரணமும் இல்லை.

எங்கே, யாருக்கு அனுமதி?

2024 அக்டோபர் 1 முதல் பொதுச் சுகாதாரத்துக்கான புகைபிடிக்கும் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு வேப் விற்க முடியாது. இணையத்தில் விற்பதற்கும் தடை. அதனால் “ஆன்லைனில் மலிவு” என்று வரும் கருவி தொடக்கத்திலேயே சட்டத்துக்குப் புறம்பானது.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். ஜொகூரும் கிளந்தானும் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனையைத் தடுத்தன. பெர்லிசும் திரெங்கானுவும் 2025 ஆகஸ்டில் தடுத்தன. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வாங்குவது, பயன்படுத்துவது, வைத்திருப்பது மூன்றுமே குற்றம். 2025 செப்டம்பர் முதல், முதன்முறை பிடிபடும் பெரியவருக்கு 700 வெள்ளி அபராதம். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 500 வெள்ளி. ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்கும் திருமணத்துக்கும் போகிற குடும்பங்கள் காரில் மறந்து வைத்த கருவியையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே நிலையான வோல்ட், மாற்றும் வோல்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைக்குப் போகும் முன்

சிகரெட்டை விடுவதற்காகவே வாங்குகிறீர்கள் என்றால் நான் சொல்வது இதுதான். சிரிம் முத்திரை உள்ள, கட்டுப்பாட்டுச் சுற்று உள்ள, குறைந்த சக்தியில் ஓடும் நிலையான வோல்ட் கருவி. காயில் 1 ஓமுக்குக் குறையாமல். கருகல் சுவை வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டுக் காயிலை மாற்றுங்கள். ஏற்கெனவே மாற்றும் வகை கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காயிலில் அச்சிட்ட அளவின் கீழ் எல்லையில் வைத்துவிட்டுத் திருகைத் தொடாதீர்கள். சிகரெட்டையும் வேப்பையும் சேர்த்துப் பிடிப்பதில் எந்த இலாபமும் இல்லை.

அதற்கும் முன்னால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். புகைபிடிப்பதை நிறுத்த அங்கே ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும். சுகாதார அமைச்சின் ‘ஜோம் குவிட்’ தளத்திலும் பதிந்துகொள்ளலாம். வேப் இல்லாமலே விட முடிந்தவர்கள் நிறைய பேர் உண்டு. நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். கருவி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கும் அன்றே அதையும் நிறுத்தும் தேதியை நாள்காட்டியில் குறித்து, வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டிவிடுங்கள்.